மூடிய ஆலைகள் வெறும் மனைகள் அல்ல

நகரங்களின் நடுவே மூடிக்கிடக்கும் பஞ்சாலைகளும் ரசாயன ஆலைகளும் இடம் தேடும் கட்டுமான நிறுவனங்களுக்கு விலைமதிப்பற்ற நிலமாகத் தெரிகின்றன. அவற்றின் மதிலை ஒட்டிக் குடியிருப்போருக்கோ, அவை இன்னும் தீர்க்கப்படாத பழைய கடனாகவே இருக்கின்றன. மாசுபட்ட இடங்களை அடையாளம் கண்டு சீரமைப்பதற்கென்றே தனி விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்துள்ள நிலையில், இந்த நிலங்கள் யாருக்காக, எந்த நிபந்தனைகளோடு மீட்கப்பட வேண்டும் என்ற கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. முதலில் மண்ணின் தூய்மை, அடுத்து பொதுமக்களின் பங்கு, அதன் பிறகே கட்டடம் என்ற வரிசை சட்டத்தின் பலத்தோடு நிலைநாட்டப்பட்டால்தான் இந்நிலங்கள் நகரத்துக்கு வரமாகும்.

கைவிடப்பட்ட நிலம் என்பது என்ன?

முன்பு தொழிற்சாலையாகவோ கிடங்காகவோ பயன்பட்டு, இப்போது பயனின்றிக் கிடப்பதும், மண்ணில் நச்சுப் பொருள்கள் தங்கியிருக்கலாம் என்ற ஐயத்தால் மறுபயன்பாட்டுக்கு எளிதில் கொண்டுவர முடியாததுமான நிலத்தை நகரமைப்பு வல்லுநர்கள் 'பிரவுன்ஃபீல்டு' என்று குறிப்பிடுகின்றனர். இதற்கு எதிரான 'கிரீன்ஃபீல்டு' என்ற சொல், இதுவரை கட்டடம் எழாத வயல், தோப்பு, ஏரிக்கரை போன்ற புதிய நிலத்தைக் குறிக்கும்.

புதிய நிலத்தை எடுப்பதே எளிது என்பதால் நகரங்கள் வெளிப்புறமாக விரிந்துகொண்டே போகின்றன. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. ஒருபுறம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எஞ்சிய பகுதிக்கு அதே 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி கிடைத்திருக்க, மறுபுறம் அதைச் சுற்றியுள்ள நீர்நிலைகளை நோக்கிக் குடியிருப்புகள் நகர்வதை எவரும் கண்ணால் காணலாம்.

நகரின் உள்ளே கிடக்கும் பழைய ஆலை நிலமோ சாலை, ரயில், மின்சாரம், குடிநீர்க் குழாய் ஆகிய அனைத்தும் ஏற்கெனவே வந்து சேர்ந்த இடத்தில் இருக்கிறது. அதை முறையாக மீட்டுப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஏக்கரும் புறநகரில் ஓர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியையோ ஒரு நெல்வயலையோ காப்பாற்றித் தரும் வாய்ப்பு உண்டு. நகரம் தன் இயற்கை வளங்களை எதிர்காலத் தலைமுறைக்கும் மிச்சம் வைத்து வளர்வதே நிலைத்த வளர்ச்சி எனில், அதற்கான முதல் நிலவளம் இந்த மதில்களுக்குள்தான் இருக்கிறது.

மண்ணுக்குள் மறைந்திருக்கும் ஆபத்து

எனினும், இந்த நிலத்தை மற்ற மனைகளைப்போல் அளந்து, பிரித்து, விற்றுவிட முடியாது என்பதற்கு ராணிப்பேட்டையே கண்கூடான சான்று. தோல் பதனிடும் தொழிலுக்குத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கப்பட்டு 1990-களின் நடுவில் மூடப்பட்டது. உற்பத்தி நடந்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். அந்த ஆலை வளாகத்தில் குவிக்கப்பட்ட சுமார் 2 லட்சம் டன் குரோமியக் கழிவு, ஆலை மூடப்பட்டு முப்பது ஆண்டுகளாகியும் முழுத் தீர்வை எட்டாத சிக்கலாகவே நீடிக்கிறது.

குரோமியம் இரு முக்கிய வடிவங்களில் காணப்படுகிறது. தோலில் படியும் வடிவம் நீரில் எளிதில் கரையாதது, ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. 'ஹெக்சாவேலன்ட் குரோமியம்' எனப்படும் மற்றொரு வடிவம் நீரில் எளிதில் கரைந்து, அதற்கு மஞ்சள் நிறம் தந்து, உடலுக்குள் சென்றால் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. ராணிப்பேட்டையின் கழிவுக் குவியலில் இருப்பது இந்த இரண்டாம் வகை என்பதால், ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதன்மீது பெய்யும் நீர் நஞ்சைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கி, பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை அச்சுறுத்துகிறது. உலகின் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்ட நியூயார்க் நகர அமைப்பு ஒன்று 2006-இல் ராணிப்பேட்டையையும் அதில் சேர்த்தது.

பாதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடங்களும் உண்டு. கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானி ஆலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கண்டெடுக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2001 மார்ச்சில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல்தான்.

அந்த ஆலையின் மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்பதிலேயே ஆண்டுக்கணக்கில் வழக்காடப்பட்டது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற குடியிருப்பு அளவுகோல் முன்வைக்கப்பட்டபோது, ஆலைக்குக் கீழே பாம்பாறு சோலைக்காடும் நீரோட்டமும் இருப்பதால் அதைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் வலியுறுத்தினர். தூய்மையின் அளவு என்பது ஆய்வகத்தில் மட்டும் தீரும் கணக்கன்று, நிலத்தின் கீழ்ச்சரிவில் யார் வாழ்கிறார்கள், நாளை அங்கே என்ன வரப்போகிறது என்பதையும் பொறுத்தது என்ற பாடத்தை இந்த வழக்கு கற்றுத்தந்தது.

பஞ்சாலைகளில் இத்தகைய கொடிய நஞ்சு இல்லை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. ஆனால் சாயப் பிரிவு இருந்த ஆலைகளில் சாயக்கழிவும், கொதிகலன் இருந்த இடங்களில் சாம்பலும், நிலத்தடித் தொட்டிகளிலிருந்து கசிந்த எரியெண்ணெயும், பழைய மின்மாற்றிகளின் எண்ணெயும், கூரையில் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளும் இருக்கக்கூடும். இடிக்கும்போது கல்நார் தூளாகிக் காற்றில் கலந்து, சுவாசிப்போரின் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பிறகு நோயாக வெளிப்படும் இயல்புடையது.

இந்த ஆபத்து நடைமுறையில் யாரைத் தொடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வாழ்நாள் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டுப் பழைய ஆலை நிலத்தில் அடுக்ககம் வாங்கும் குடும்பத்துக்கு, அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது என்பதைச் சொல்லும் எந்த ஆவணமும் கையில் கிடைப்பதில்லை. மதிலுக்கு வெளியே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பவருக்கும், காலி நிலத்தில் பந்து விளையாடும் சிறுவர்களுக்கும், கட்டடம் இடிக்கும் தினக்கூலித் தொழிலாளிக்கும் எச்சரிக்கைப் பலகைகூட இருப்பதில்லை.

தாமதத்தின் விலை

சுத்தம் செய்வதைத் தள்ளிப்போட்டால் செலவு தானாகக் குறைந்துவிடாது. அது வேறொருவர் தலையில் போய் இறங்கும். 1984 டிசம்பரில் நச்சுவாயு கசிந்த போபால் ஆலையில் தேங்கியிருந்த 337 டன் நச்சுக் கழிவு, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பீதம்பூருக்கு அது கொண்டுசெல்லப்பட்டபோது அவ்வூர் மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஊரின் சுமை இன்னோர் ஊரின் அச்சமாக மாறியது. அகற்றப்பட்டதுகூட மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்த கழிவு மட்டுமே. ஆலையைச் சுற்றியுள்ள மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்துவிட்ட மாசு இன்னும் தனிக் கணக்காகவே நிற்கிறது.

புதிய விதிகள் தருவதும் தராததும்

1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மாசுபட்ட இடங்கள் மேலாண்மை விதிகள், இந்தச் சிக்கலுக்கு முதன்முறையாக ஒரு படிநிலை ஒழுங்கைத் தந்துள்ளன. மாசுபட்டிருக்கலாம் என ஐயுறும் இடங்களை உள்ளாட்சி அமைப்போ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாள்களுக்குள் முதற்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். தேவையெனில் அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு நடத்த வேண்டும்.

அபாயகரமானவை என வகைப்படுத்தப்பட்ட 189 வேதிப்பொருள்களில் எதுவும் வரம்பைத் தாண்டியிருந்தால், அந்த இடத்தைப் பொதுவெளியில் அறிவித்து, சீரமைப்புத் திட்டம் வகுத்து, மாசுக்குக் காரணமானவரைக் கண்டறிந்து அவரிடமே செலவை வசூலிக்க வேண்டும். அவரால் இயலாதபோது, அல்லது அவரே இல்லாதபோது, மத்திய, மாநில அரசுகள் அச்செலவுக்கு வழிசெய்ய வேண்டும்.

மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற இந்தக் கோட்பாட்டுக்குத் தமிழகத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், அக்கோட்பாடு நாட்டின் சட்டத்தின் ஒரு பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட ஆற்காட்டு மக்கள் நாட்டுக்கே பெற்றுத்தந்த அந்த உரிமை, அவர்களுடைய ராணிப்பேட்டைக் கழிவுக் குவியலுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே வேதனை.

புதிய விதிகளில் பெரும் இடைவெளியும் உண்டு. ஆய்வுக்கும் அறிவிப்புக்கும் காலவரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால், மாசுபட்டது என உறுதியான ஓரிடத்தை எத்தனை ஆண்டுகளுக்குள் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதற்கு உறுதியான கெடு இல்லை. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட 103 மாசுபட்ட இடங்களில் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியுள்ளதாக அந்த விதிகள் வெளியானபோது மத்திய அரசின் தரப்பிலிருந்து கிடைத்த கணக்கு, கெடு இல்லாத கடமை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லாமல் சொல்கிறது.

பொதுப்பங்கு கரைந்த கதை

மண் தூய்மையானாலும், அந்த நிலம் யாருக்குப் போகிறது என்ற அடுத்த கேள்வி எழுகிறது. இதற்கு மும்பையின் ஆலை நிலங்களைவிடப் பெரிய பாடம் இந்தியாவில் வேறில்லை. தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பங்கேற்றனர். அது முறைப்படி முடிவுக்கு வராமலே கரைந்துபோக, நகரின் நடுவே சுமார் 600 ஏக்கர் ஆலை நிலம் படிப்படியாக முடங்கியது.

அந்நிலத்தை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர 1991-இல் வகுக்கப்பட்ட வளர்ச்சி விதி, நிலத்தை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்கைப் பூங்கா போன்ற திறந்தவெளிக்கும், ஒரு பங்கை அரசின் மலிவு விலை வீடுகளுக்கும், எஞ்சிய பங்கை உரிமையாளருக்கும் ஒதுக்கியது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு 1996-இல் தந்த திட்டம், அந்தப் பொதுப்பங்குகளை ஒன்றிணைத்து நகரின் நடுவில் தொடர்ச்சியான பூங்காக்களையும் பொது இடங்களையும் உருவாக்க முடியும் என்று காட்டியது.

ஆனால், 2001-இல் அந்த விதி திருத்தப்பட்டு, பங்கீடு மொத்த நிலத்துக்குப் பதிலாக, கட்டடமில்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று ஆனது. ஆலை வளாகத்தின் பெரும்பகுதியில் கூடங்களே நின்றதால், பொதுமக்களின் பங்கு பல மடங்கு சுருங்கியது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2005-இல் பொதுநல வழக்கை ஏற்று அளித்த தீர்ப்பை, 2006-இல் உச்ச நீதிமன்றம் மாற்றி, திருத்தப்பட்ட விதியையே உறுதிசெய்தது.

இன்று அங்கே வணிக வளாகங்களும் உயர்ந்த கோபுரங்களும் நிற்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் குலுக்கல் முறையில் ஒரு வீடு கிடைக்குமா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. நெருக்கமான வணிகப் பயன்பாடாக மாறிய கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் நேர்ந்த தீ விபத்தில் 14 பேர் உயிரிழந்தது, பழைய கூடங்களைப் பாதுகாப்பு விதிகளின்றி மறுபயன்பாட்டுக்கு விடுவதன் ஆபத்தையும் உணர்த்தியது. சட்டத்தின் ஒரு சொல்லில் நேரும் மாற்றம் ஒரு நகரத்தின் பூங்காக்களையே இல்லாமல் செய்துவிடும் என்பதே மும்பை தரும் எச்சரிக்கை.

தமிழ் மண்ணின் பஞ்சாலைகள்

தமிழகமும் புதுச்சேரியும் இதே முச்சந்தியில் நிற்கின்றன. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டு 1996-இல் மூடப்பட்டன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் எனக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பி.பி.வாடியாவின் தலைமையில் உருவானதும், திரு.வி.க. தொழிலாளர்களுக்காகக் களமிறங்கியதும் அந்த ஆலைகளின் வாயிலில்தான். பல காலம் திரைப்படப் படப்பிடிப்புக்கும் கிடங்குக்கும் பயன்பட்ட அவ்வளாகத்தில் இன்று பெரும் குடியிருப்புகள் எழுந்துவருகின்றன.

1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய பஞ்சாலையோடு தொழில் நகரமாக மலர்ந்த கோவையில், தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழுள்ள ஐந்து ஆலைகள் 2020 பொது முடக்கத்துக்குப் பிறகு பழைய ஓட்டத்துக்குத் திரும்பாமல் முடங்கியுள்ளன. அவற்றைத் திறக்கக் கோரியும் நிலுவை ஊதியம் கேட்டும் தொழிலாளர்கள் பல முறை போராடியுள்ளனர். தொழிலாளர் பிரச்சினை ஒரு முடிவுக்கு வருமுன்பே நிலத்தின் விலையைக் கணக்கிடும் பேச்சு எழுமானால், அது மும்பை சென்ற அதே பாதையில் எடுத்துவைக்கும் முதல் அடியாகும்.

புதுச்சேரியில் 1898-இல் தொடங்கப்பட்ட ஏஎஃப்டி எனப்படும் ஆங்கிலோ பிரெஞ்சு பஞ்சாலை 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிர்நீத்த போராட்டத்தின் பயனாக 8 மணி நேர வேலை உரிமையைப் பெற்ற ஊர் அது. ஆலைத் திடல் இன்றும் பொதுக்கூட்டங்கள் நடக்கும் இடமாகப் பயன்படுகிறது என்பதால், அந்த நிலத்தை மக்கள் ஏற்கெனவே பொது நிலமாகத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

மூடிய ஆலை எல்லாமே வீட்டு மனையாகத்தான் மாற வேண்டும் என்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பரில் மூடப்பட்ட நோக்கியா செல்பேசி ஆலையை, செல்பேசி மின்னேற்றிகள் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் பின்னர் எடுத்து மீண்டும் இயக்கியது. மண்ணில் பெரிய மாசு இல்லாத, கட்டடம் உறுதியாக உள்ள இடங்களில் மீண்டும் தொழிலே வருவதுதான், வேலையிழந்த பகுதிக்கு முதல் நீதி.

ரூர் பள்ளத்தாக்கு காட்டிய வழி

மூடிய ஆலை நிலங்களை மீட்பது பணக்கார நாடுகளுக்கு மட்டுமே சாத்தியம் என்ற எண்ணம் தவறானது. அதை உணர, ஜெர்மனியின் ரூர் பகுதியில் நடந்ததை அறிவது பயனளிக்கும். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உருக்காலைகளும் அடுத்தடுத்து மூடப்பட்ட அப்பகுதியில், 1989 முதல் 1999 வரை பத்தாண்டுகள் நடைபெற்ற எம்ஷர் பூங்காத் திட்டத்தில் 17 நகரங்கள் இணைந்து செயல்பட்டன. ஒவ்வொரு நகராட்சியும் தனித்தனியே நிலத்தை விற்றுக் காசாக்காமல், ஆற்றுப்படுகை முழுவதையும் ஒரே நிலப்பரப்பாகக் கருதித் திட்டமிட்டதே அதன் வெற்றிக்கு அடிப்படை.

டூயிஸ்பர்க் நகரில் 1985-இல் மூடப்பட்ட உருக்காலை, பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரின் திட்டத்தில் சுமார் 180 ஹெக்டேர் பூங்காவாக மாறியது. ஊதுலை மக்கள் ஏறிப் பார்க்கும் கோபுரமாயிற்று. எரிவாயுத் தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிப்புப் பயிற்சி தருகின்றனர். தாதுக்கள் கொட்டிவைத்த கான்கிரீட் சுவர்களில் மலையேறுவோர் பழகுகின்றனர். கடும் மாசுள்ள மண் மூடி அடைக்கப்பட்டது; மாசு குறைந்த இடங்களில் செடிகொடிகள் தாமாக வளர விடப்பட்டன; கழிவுநீர் ஓடிய வாய்க்கால் மழைநீர் ஓடும் பாதையாக மாற்றப்பட்டது.

எல்லா இடத்தையும் ஒரே அளவில் சுத்தம் செய்யாமல், எந்த இடத்தில் யார் நடமாடுவார் என்பதைப் பார்த்துச் செலவைப் பங்கிட்ட இந்த முறையே ஏழை நகரங்களும் பின்பற்றத் தக்கது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வீடுகளுக்கும் மிகக் கடுமையான அளவுகோல், வாகன நிறுத்தத்துக்கு வேறு அளவுகோல், மரங்கள் மட்டும் நிற்கும் பகுதிக்கு மற்றோர் அளவுகோல் என்று வகுத்தால் செலவு கட்டுக்குள் வரும். சில தாவரங்கள் தம் வேர்கள் வழியே கன உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையவை. மெதுவானது என்றாலும் மலிவான இந்த முறை, மாசு குறைவான, அவசரமில்லாத நிலங்களுக்குப் பொருந்தும்.

பழைய கட்டடங்களைக் காப்பதிலும் பொருளாதாரம் உண்டு. ஒரு கூடத்தைக் கட்டும்போது செலவான சிமென்ட், இரும்பு, செங்கல், எரிபொருள் ஆகியவை ஏற்கெனவே காற்றில் கரிமத்தைக் கலந்துவிட்டன. இடித்துப் புதிதாகக் கட்டினால் அதே செலவு மீண்டும் நேரும். வட திசையிலிருந்து வெயிலின் சூடில்லாமல் வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் ரம்பப்பல் போன்ற கூரையோடு கூடிய பஞ்சாலைக் கூடம், நூலகத்துக்கும் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கும் இயல்பாகவே பொருந்தக்கூடியது. மில் வளாகங்களில் காணப்படும் பெரிய நீர்த்தொட்டிகளையும் கிணறுகளையும் தூர்க்காமல் சோதித்துச் சீரமைத்தால், சென்னையின் புளியந்தோப்பு போன்ற தாழ்வான பகுதிகளின் மழைவெள்ளத்தைத் தாங்கும் இடமாக அவை உதவக்கூடும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மூடப்பட்ட ஒவ்வோர் ஆலையின் நிலமும் சர்வே எண்வாரியாகப் பொதுப் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். அங்கு என்ன தயாரிக்கப்பட்டது, எப்போது மூடப்பட்டது, மண், நீர்ச் சோதனையின் முடிவு என்ன என்பவை வில்லங்கச் சான்றிலேயே தெரியும்படி பதிவுத் துறையோடு இணைக்கப்பட வேண்டும். நிலத்தின்மீது வங்கிக் கடன் இருப்பதை அறியும் உரிமை வீடு வாங்குபவருக்கு இருக்கும்போது, அதன் மண்ணில் நஞ்சு இருப்பதை அறியும் உரிமையும் அவருக்கு இருந்தாக வேண்டும்.

இரண்டாவதாக, பழைய தொழிற்சாலை நிலத்தில் கட்டட அனுமதி கோரும் எவரும், சார்பற்ற ஆய்வகத்தின் மண், நிலத்தடி நீர்ச் சோதனை அறிக்கையையும் தூய்மைச் சான்றையும் இணைத்தால் மட்டுமே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் நகர ஊரமைப்பு இயக்ககமும் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டும். கல்நார்க் கூரைகளை அகற்றுவதற்குத் தனி அனுமதியும், இடிக்கும் தொழிலாளிக்கு உரிய பாதுகாப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, அதிக மாசு விளைவிக்கும் சிவப்பு வகைத் தொழிற்சாலைகள் இயங்கத் தொடங்கும்போதே, மூடும் காலத்துச் சீரமைப்புக்கென ஒரு வைப்புத்தொகையைக் கட்டி, ஆண்டுதோறும் அதைப் பெருக்கி வர வேண்டும். நிறுவனம் நொடித்துப்போன பிறகு காரணமானவரைத் தேடுவதைவிட, லாபம் ஈட்டும் காலத்திலேயே செலவை ஒதுக்கி வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.

நான்காவதாக, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்ற தற்போதைய விதி ஆலை நிலங்களுக்குப் போதாது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பங்கு கட்டடங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்து மொத்த நிலத்தின்மீது கணக்கிடப்படும் என்பது சட்டத்திலேயே ஐயத்துக்கிடமின்றி எழுதப்பட வேண்டும். மும்பையில் பங்கு கரைந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

ஐந்தாவதாக, நிலம் கைமாறும் முன்பே தொழிலாளர்களின் நிலுவை ஊதியம், பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவை முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும். சீரமைப்புப் பணியிலும், பின்னர் அங்கு வரும் தொழில்களிலும் அவர்களுடைய குடும்பங்களுக்கு முன்னுரிமை தரப்பட வேண்டும். பெரம்பூரிலும் புதுச்சேரியிலும் நடந்த தொழிலாளர் போராட்டங்களை நினைவுகூரும் ஒரு கூடமாவது பழைய கட்டடத்துக்குள்ளேயே காக்கப்பட வேண்டும்.

ஆறாவதாக, மத்திய விதிகளில் இல்லாத கெடுவை மாநில அரசே அறிவிக்கலாம். மாசு உறுதியான நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் மழைநீர் படாத மூடாக்கும் மாற்றுக் குடிநீரும் தரப்பட வேண்டும். சீரமைப்பு குறிப்பிட்ட ஆண்டுக்குள் முடிய வேண்டும். முன்னேற்றம் ஆண்டுதோறும் கிராம சபையிலும் நகரப் பகுதி சபையிலும் வாசிக்கப்பட வேண்டும். இந்தப் பட்டியலின் முதல் இடம் ராணிப்பேட்டைக்கு உரியது.

இதில் மக்களும் உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய இடங்களை ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பட்டியலிட வேண்டிய கடமை இப்போது உள்ளாட்சி அமைப்புக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் வந்துவிட்டது. ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடைபெறும் மக்கள் குறைதீர் கூட்டத்தில், தம் ஊரில் மூடிக்கிடக்கும் ஆலை அந்தப் பட்டியலில் உள்ளதா, இல்லையெனில் ஏன் இல்லை என்று கேட்டு ஒரு மனு அளிப்பது குடிமக்களின் உரிமை. அந்தக் கேள்விக்கு எழுத்து வடிவில் பதில் வரும் நாளில்தான், மதிலுக்கு உள்ளே இருக்கும் மண் மதிலுக்கு வெளியே இருப்பவர்களின் கணக்கிலும் சேரத் தொடங்கும்.